முற்றத்தில் கனத்த கோல்

நலம் பெருகுக. மலைமேல் முகிலும் மலையடியில் மடைநீரும் ஒன்றையொன்று பிரியாதிருக்க. மூங்கில் அடர்ந்த வேய்மலை நாட்டின் காவலரும், வாளும் வேலும் சிலம்பக்கோலும் கற்பிக்கும் கோற்சாலையின் புரவலரும், பெயர் சொன்ன அளவிலே அமர்ந்தவரை எழுந்து நிற்கச் செய்பவருமாகிய மாதேவி ஏழிசை நாச்சியார் திருமுன்பு, நெடுவயல் நாட்டு மன்னர் கடம்பவேளின் ஆணையைத் தலைமேற்கொண்டு, அவர்தம் அமைச்சன் பனையடி நக்கன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் அரண்மனையும் அங்காடியும் ஆநிரையும் யானைக்கூடமும், குறிப்பாக அந்த யானைக்கூடம், நலமென நம்புகிறோம். இங்கே மன்னர் நலம், மக்கள் நலம். அடியேன் மட்டும் நிம்மதியாக உறங்கி வெகுநாளாயிற்று.

தங்கள் ஓலை வந்து சேர்ந்தது. தங்கள் கோற்சாலையின் தலைமாணாக்கியாகிய மழவியாரை நாங்கள் சிறைப்பிடித்து வீட்டு வேலைக்கு வைத்திருப்பதாகவும், தைப்பிறை தோன்றுமுன் அவர் தங்கள் எல்லையை மிதிக்காவிடில் தங்கள் யானைகள் எங்கள் எல்லையை மிதிக்கும் என்றும் அதில் கண்டிருந்தது. நல்ல கட்டமைந்த வாக்கியம். மன்னர் இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டாம் முறை முகம் வெளுத்துவிட்டது. அதற்கு உடனே விடை எழுதாத பிழையைப் பொறுத்தருள வேண்டும். எழுதுவதற்கு ஏதேனும் நல்ல செய்தி கிடைக்கட்டும் என்றுதான் எழுத்தாணியைக் கீழே வைத்திருந்தேன்.

மாதேவி, நாங்கள் அவரைப் பிடித்து வைக்கவில்லை. போய்வாருங்கள் தாயே என்று கையெடுத்துக் கும்பிட்டோம். அவர் போகவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் எங்கள் மானம் கொஞ்சம் போகும், போகட்டும்.

இரு நாட்டுக்கும் இடையே உள்ள மடையை எவர் திறப்பது, எவர் அடைப்பது என்ற வழக்கைப் படை கொண்டு தீர்க்காமல், நாட்டுக்கு ஒருவர் கோலெடுத்து நின்று தீர்த்துக்கொள்வது என்று சென்ற ஆண்டு இரு அவையும் இசைந்தது தாங்கள் அறிந்ததே. எங்கள் சார்பில் நின்றவர் படைத்தலைவர் வீரட்டனார். ஆள் பனைமரம், குரல் பறை. எதிரே தங்கள் மழவியார் வந்து நின்றபோது அவர் தோளளவுகூட இல்லாததைக் கண்டு, வேய்மலையில் ஆள் பஞ்சமோ, பிள்ளையை அனுப்பியிருக்கிறார்களே என்று வீரட்டனார் உரக்கக் கேட்டுவிட்டார். எங்கள் பக்கத்தார் சிரித்தோம். அடியேனும் சிரித்தேன். சிரிப்பு அடங்கும் முன்னே வீரட்டனார் இடத்தோளைப் பிடித்துக்கொண்டு மடைநீருக்குள் உட்கார்ந்திருந்தார். எந்தப் பக்கத்திலிருந்து அடி வந்தது என்று இன்றுவரை எங்கள் பாசறையில் சண்டை ஓயவில்லை.

தோல்வியை ஒப்புக்கொண்டு மடையின் திறவுகோலைத் தங்கள் தூதரிடம் கொடுத்தோம். அத்தோடு முடிந்தது என்று ஊர் திரும்பினால், பின்னால் காலடி ஓசை. திரும்பிப் பார்த்தால் மழவியார். கோலைத் தோளில் சுமந்து, மூச்சு வாங்கி, வியர்த்து, வீரட்டனாரின் வீட்டுவரை வந்து, முற்றத்தில் அந்தக் கோலைத் தொப்பென்று போட்டார். போட்ட இடத்தில் மண் குழிந்தது. வென்றவர் வீடுவரை வந்து எள்ளி நகையாடுகிறார் என்று எங்கள் வீரர் வேலைப் பற்றினர். அவரோ வீரட்டனாரின் தமக்கையார் உலகம்மையிடம், எண்ணெய் எங்கே இருக்கிறது அக்கா, தோளுக்குத் தேய்க்க வேண்டும் என்று கேட்டார்.

தங்கள் சாலையின் வழக்கம் எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. தங்களுக்கே அதை எடுத்துரைப்பது மிகை எனினும், நாங்கள் விளங்கிக்கொண்டது சரிதானா என்று பார்க்கத் தருகிறேன். வேய்மலையின் உச்சிப் பிரம்பில் வெட்டிய கோல், ஆடுகளத்தில் எதிராளியை வலிக்காமல் தொட்டால் சாதாரணக் கோலாகவே இருக்கும். வலிக்க அடித்துவிட்டால் அடித்தவர் கையில் கனக்கத் தொடங்கும், நாழிகைக்கு நாழிகை கனம் ஏறும், அடிபட்டவர் வீட்டு வாசலை அடைந்ததும் பிறகு எவராலும் அசைக்க முடியாது. அடிபட்டவர் ஒருவருக்குத்தான் அது ஈர்க்குப்போல் எழும்பும். அடித்தவர் அவர் வீட்டில் தங்கி, காயத்தை ஆற்றி, அவர் செய்யவேண்டிய வேலையையும் தாமே செய்து, அவர் அதே கோலை எடுத்து அடித்தவரை ஒருமுறை மெய்யான ஆட்டத்தில் தொடும்வரை இருந்தாக வேண்டும். தொட்டதும் கனம் இறங்கும், இருவரும் நேர். இதனால்தான் தங்கள் சாலையில் எவரும் எவரையும் ஓங்கி அடிப்பதில்லை என்றும், வலிக்காமல் தொடுவதையே பத்து ஆண்டு பழகுகிறார்கள் என்றும், அப்படியும் கை தவறியவர்கள் ஊரெங்கும் அடுத்தவர் வீட்டில் மாவரைத்துக்கொண்டிருப்பார்கள் என்றும் மழவியார் சொல்லக் கேட்டு உலகம்மையார் விழுந்து விழுந்து சிரித்தார். தாம் மடையருகே கொஞ்சம் கோபத்தோடு வீசிவிட்டதாகவும், பிள்ளை என்று சொன்னது தமக்குப் பொறுக்கவில்லை என்றும் அவர் வெளிப்படையாகவே சொன்னார்.

எங்கள் அவையோர் இதை நம்பவில்லை. பிரம்பாவது கனப்பதாவது என்று மல்லர் எழுவர் போய்த் தூக்கிப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தனர். பிறகு பட்டத்து யானையைக் கொண்டுவந்து வடம் கட்டி இழுத்தோம். வடம் அறுந்தது, யானை உட்கார்ந்துவிட்டது. எங்கள் யானையின் வயதையும் உடல்நிலையையும் இந்த ஓலையில் எழுதுவது அரசதந்திரத்துக்கு ஏற்றதன்று என்பதால் மேற்செல்கிறேன்.

எல்லாம் வீரட்டனார் கையில் இருந்தது. எழுந்து வந்து கோலை எடுத்தால் முடிந்தது. ஊர் கூடி நிற்க அவர் வந்தார், குனிந்தார், பற்றினார், பல்லைக் கடித்தார், நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, கோல் அசையவில்லை. என்னால் ஆகவில்லை என்று வீட்டுக்குள் போய்விட்டார். அதைக் கண்டு மழவியாரின் முகம் விழுந்ததைப் பார்த்திருந்தால் மாதேவியே இரங்கியிருப்பீர்கள். அடிபட்டவராலும் தூக்க முடியவில்லை என்றால் தாம் அடித்த அடி தோளைக் கடந்து உள்ளே எங்கோ போய்ப் பட்டிருக்கிறது என்று அவர் எண்ணிக்கொண்டார். சாலையின் வரலாற்றிலேயே இப்படியொரு பாவத்தை எவரும் செய்ததில்லை என்று அழுதார். அன்றுமுதல் எண்ணெய் தேய்ப்பதும், கஷாயம் காய்ச்சுவதும், வீரட்டனாரின் குதிரைக்குப் புல் அறுப்பதும், அவர் பயிற்றவேண்டிய படைவீரர்க்கு முற்றத்திலே தாமே கோல் பழக்குவதுமாக அவருக்குப் பொழுது போதவில்லை. அந்த முற்றம் தங்கள் கோற்சாலையின் கிளைபோல் ஆகிவிட்டது. அரண்மனைச் சமையற்காரர் வரை அங்கேதான் காலையில் நிற்கிறார்கள். மன்னருக்கு உணவு தாமதமாகிறது.

இனித் தங்கள் உப்பு வணிகர் கண்டுவந்து சொன்ன சிறைக்காவலைப் பற்றி. எங்கள் நாட்டில் உயர்ந்த விருந்தினர் எங்கே போனாலும் வேல் தாங்கிய இருவர் பின்னே செல்வது மரியாதை. கிணற்றடிக்குப் போனாலும் செல்வர். வேண்டாம், கூச்சமாக இருக்கிறது என்று மழவியார் பலமுறை சொன்னார். அப்படி விட்டுவிட்டால் நாட்டின் விருந்தோம்பல் குறைந்துபோகும் என்று நாங்கள்தான் பிடிவாதம் பிடித்தோம். தலையில் குடத்தோடு ஒரு பெண், பின்னே வேலோடு இருவர். பார்ப்பவர் வேறென்ன நினைப்பார்? தவறு எங்களுடையது. அந்த இருவரில் ஒருவன் இப்போது வேலை வீட்டில் வைத்துவிட்டுக் குடத்தைத் தான் சுமக்கிறான்.

தங்கள் ஓலை வந்த அன்று மன்னர் என்னைத் தனியே அழைத்து, ஒன்று அந்தக் கோல் நகரவேண்டும், அல்லது நீர் நகரவேண்டும் என்று அருளினார். மறுநாள் காலை வீரட்டனார் வீட்டுக்குப் போனேன். மழவியார் புல் அறுக்கப் போயிருந்தார். வீரட்டனார் குதிரை லாயத்தில் இருந்தார். உலகம்மையார் என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக முற்றத்துக்கு அழைத்துச்சென்று கோலைக் காட்டினார். அவர் சொன்ன சொல்லை அலங்கரிக்காமல் அப்படியே தருகிறேன். "மந்திரி ஐயா, ராத்திரி பேஞ்ச மழையில ஊரே மிதக்குது. இந்தக் கோலைத் தொட்டுப் பாருங்க, பொட்டு ஈரம் இருக்கா? ஒவ்வொரு மழைக்கும் இது தாழ்வாரத்துக்கு வந்துடுது, விடிஞ்சதும் பழைய குழியில போய்ப் படுத்துக்குது. எண்ணெய் வேற பூசியிருக்கு. இந்த வீட்டுல அதைத் தூக்கி வைக்க வேற யாரு இருக்கா, கோழியா?"

இது எத்தனை நாளாகத் தெரியும், ஏன் வாய் திறக்கவில்லை என்று கடிந்து கேட்டேன். அந்த அம்மையார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தெரிஞ்சா அவ போயிடுவாளே ஐயா. இந்த வீட்டுல மனுசக் குரல் கேட்டு எத்தனை வருசம் ஆச்சு! இவன் இருக்கானே, இவன் குதிரைகிட்டதான் பேசுவான்" என்றார்.

வீரட்டனாரை லாயத்தில் போய்ப் பிடித்தேன். நாடு யானைக்காலில் மிதிபடப் போகிறது, நீர் பொய் சொல்லிக்கொண்டு புல் போடுகிறீரே என்று கத்தினேன். அமைச்சன் கத்தக்கூடாது, ஆயினும் கத்தினேன். பறைபோன்ற குரலுடைய அந்த மனிதர் எனக்கே கேட்காத குரலில், தோள்வலி என்றோ ஆறிவிட்டது என்றும், முதல்நாள் அவமானத்தில் கோலை எடுக்க மனமில்லாமல் நடித்ததாகவும், பிறகு எடுக்க மனமிருந்தும் எடுத்தால் மழவியார் போய்விடுவார் என்ற அச்சத்தில் நடித்ததாகவும், அவர் இல்லாத வீட்டுக்குத் திரும்பத் தமக்கு மனமில்லை என்றும் சொன்னார். அடியேனுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியோடு திரும்பினால், லாயத்து வாயிலில் புல்கட்டோடு மழவியார் நிற்கிறார்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். புல்கட்டைக் கீழே எறிந்தார். அவர் பேசியதை மரபுக்கேற்ப அடக்கி எழுதுகிறேன். தைப்பிறை அன்று வேய்மலை உச்சியில் புதுப்பிரம்பு வெட்டும் நாள் என்றும், முதிய ஆசான் சாலைத் தலைமையை விட்டு இறங்கிய இவ்வாண்டில் முதல் பிரம்பை வெட்டுபவரே அடுத்த தலைமை என்றும், அன்று மலைமேல் இல்லாதவர்க்கு அந்த இடம் எந்நாளும் இல்லை என்றும், சிறுமியாய்ச் சாலை புகுந்த நாள்முதல் அந்த ஒரு நாளுக்காகவே தாம் இருந்ததாகவும் சொன்னார். தாம் ஒரு மனிதனை உள்ளே உடைத்துவிட்டோம் என்று எண்ணி அந்த நாளையும் மனத்தால் கைவிட்டு, இராப்பகலாய்க் கஷாயம் காய்ச்சியதாகவும் சொன்னார். பிறகு மரபெல்லாம் விட்டு, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? இரு மழவின்னு வாயத் திறந்து ஒரு வார்த்தை! கேக்காம என்னைக் கட்டிப்போட்டு வச்சீங்களே!" என்று அழுதார். மாதேவி, தங்கள் ஓலையில் சிறை என்று எழுதியிருந்ததைப் பொய் என்று மேலே எழுதினேன். அந்த நேரத்தில் அது முழுப்பொய்யாக எனக்குத் தோன்றவில்லை.

வீரட்டனார் லாயத்தைவிட்டு வெளியேறினார். முற்றத்துக்குப் போய், ஊர் பார்க்க, ஒற்றைக் கையால் அந்தக் கோலைத் தூக்கினார். கோல் பழக வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். இப்போதே ஆடுவோம், இப்போதே உங்களை விடுவிக்கிறேன் என்றார். மழவியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு சாதாரணக் கழியை எடுத்து எதிரே நின்றார். விட்டுக்கொடுத்து ஆடினால் தொட்டது செல்லாது, கனம் இறங்காது. அது தங்கள் சாலையின் விதி.

அப்போதுதான் எங்களுக்கு உண்மையான சோதனை தொடங்கியது. இத்தனை நாள் கோலைத் தூக்க முடியாதவர்போல் நடித்த எங்கள் படைத்தலைவரால், இப்போது மனமார முயன்றும், மழவியாரைத் தொட முடியவில்லை. வலத்தே வீசினால் அவர் இடத்தே இருக்கிறார். மேலே வீசினால் கீழே இருக்கிறார். கீழே வீசினால் வீரட்டனாரின் சொந்தக் கால் தடுக்குகிறது. வெயில் ஏறியது. பாசறை வீரர் கூடினர். செய்தி கேட்டு மன்னரே பல்லக்கில் வந்து இறங்கி, குடை பிடிப்பவனை மறந்து வெயிலில் நின்றார். தொடு, தொடு என்று நாடே கத்துகிறது. மழவியாருக்குப் போகவேண்டும் என்று உயிர் துடிக்கிறது. ஆனாலும் ஓர் இமைப்பொழுதுகூடக் கையைத் தளர்த்தவில்லை. அதைப் பார்த்துத்தான், அந்தச் சாலை எத்தகைய பிள்ளைகளை வளர்க்கிறது என்று அடியேன் உணர்ந்தேன்.

உச்சிவேளையில் வீரட்டனார் கோலை ஊன்றி நின்று, மூச்சிரைக்க, தம்மால் முடியவில்லை என்றும், இந்தமுறை நடிக்கவில்லை என்றும், அம்மா மன்னித்துவிடுங்கள் என்றும் சொல்லி மண்டியிட்டார். நடிக்கல, தெரியுது, எழுந்திருங்க, இன்னொரு தடவை என்றார் மழவியார். எழுந்தார். கண்ணைமூடிக்கொண்டு ஒரு சுழற்று சுழற்றினார். பட்டென்று ஓர் ஓசை. மழவியார் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஊர் ஆரவாரித்தது. மன்னர் அடியேனைக் கட்டிக்கொண்டார், அது முன்பின் நடந்ததில்லை. மழவியார் கையை நீட்டிக் கோலை எடுத்தார், இறகுபோல் எழுந்தது. கனம் இறங்கிவிட்டது என்று நாங்கள் கூத்தாடுகையில், வீரட்டனார் உதவி செய்வதற்காக அதே கோலைப் பற்றினார். அசையவில்லை. அடியேன் பற்றினேன். மல்லர் எழுவரும் பற்றினர். யானையை எவரும் அழைக்கவில்லை. அப்போதுதான் மழவியாரின் கணுக்காலைப் பார்த்தோம், பணியாரம்போல் வீங்கியிருந்தது. தொடச் சொன்னால் எங்கள் ஆள் அடித்துவிட்டார்! பழைய கணக்கு தீர்ந்து, அந்த நொடியிலேயே புதுக்கணக்கு எங்கள் பக்கம் ஏறிவிட்டது. அடிபட்டவர் இத்தனை மாதம் வாழ்ந்த வீட்டு முற்றமே என்பதால் கோலும் நின்ற இடத்திலேயே முழுக்கனம் கொண்டுவிட்டது.

மழவியார் வீங்கிய காலைப் பார்த்தார், கோலைப் பார்த்தார், எதிரே செய்வதறியாது நின்ற பனைமரத்தைப் பார்த்தார். "தொடுறது எப்படின்னு இத்தனை மாசம் சொல்லிக்கொடுத்தேன், ஒண்ணு தெரிஞ்சுதா உங்களுக்கு!" என்று வைதார். வைதுகொண்டே சிரித்துவிட்டார். சிரித்ததற்காகத் தம்மையே கடிந்துகொண்டு மறுபடி முகத்தை இறுக்கிக்கொண்டார். வீரட்டனார் வண்டி பூட்டப் போனார். உங்களை யாரும் கூப்பிடவில்லை என்றார் மழவியார். எண்ணெய் தேய்க்க ஆள் வேண்டுமே என்றார் இவர். பிறகு ஊர் முன்னிலையில், இந்தமுறை கேட்கிறேன், உடன் வரலாமா என்று உரத்த குரலில் கேட்டார். வந்து தொலையுங்கள், பிறைக்கு நேரமாகிறது என்ற பொருள்பட மழவியார் விடை கூறினார்.

ஆகவே, மாதேவி, தங்கள் தலைமாணாக்கி மடியில் கோலோடு வண்டியில் வருகிறார். வண்டியை ஓட்டி வருபவர் எங்கள் படைத்தலைவர். இந்த ஓலையையும் அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்; முத்திரை உடையாமல் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. எல்லைக் காவலர் எவரும் அவ்வண்டியை ஒரு நொடியும் நிறுத்தாமல் விடவேண்டும் என்பது எங்கள் மன்னர் எங்கள் காவலர்க்கு இட்ட ஆணை; தங்கள் காவலர்க்கு அதையே வேண்டுகோளாக வைக்கிறோம். பிறைக்கு முன் அவரை உச்சியில் சேர்த்துவிடுங்கள். நடக்க முடியாவிட்டால் வீரட்டனார் தூக்கிச் செல்வார், அதற்கேற்ற உடம்புதான்.

வீரட்டனார் அங்கே சாலையில் மாவரைப்பதையும் புல் அறுப்பதையும் கண்டு எங்கள் வணிகர் இங்கு வந்து ஏதேனும் சொன்னால் நாங்கள் நம்பமாட்டோம். எங்கள் படைத்தலைவரை ஒரு நொடியில் வலிக்காமல் தொட்டு விடுவிக்க மழவியாரால் முடியும் என்பதை இரு நாடும் அறியும். தொடுவது எப்போது என்பது இனி அவர் ஒருவரின் விருப்பம். பிரம்பு வெட்டிய மறுநாளே தொட்டு அனுப்பிவிட்டால், உலகம்மையார் உலை வைத்துக் காத்திருப்பார், நாங்கள் வரவேற்போம். பல ஆண்டு தொடாமலே வைத்திருந்தாலும், எங்கள் ஆளைத் திருப்பி அனுப்புக என்று நெடுவயலிலிருந்து எந்நாளும் ஓலை வராது.

இது மன்னர் கடம்பவேளின் வாக்கு. அவர் கண்காண ஏர் முத்திரை இட்டு, மஞ்சள் நூலால் கட்டினோம். இவ்வாக்கைக் காப்போர் இரு நாட்டு நீரும் பருகி வாழ்க.

பனையடி நக்கன் எழுத்து.